கன்னையன் உடைத்த தேங்காய்

தேங்காய் உடையவில்லை. இஞ்சின்தான் உடைந்தது.

ஆயுத பூசையன்று சிலமலை ஊரில் தன் காட்டுக் கிணற்றடியில் நின்றுகொண்டு, கன்னையன் கையிலிருந்த தேங்காயையும் எதிரே இருந்த பழைய ஆயில் இஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தான். தரையில் அடித்தால் மண் ஒட்டும், சட்னிக்கு ஆகாது என்று மனைவி பொன்னுமணி சொன்னதால்தான் இஞ்சினின் விளிம்பில் தட்டினான். இரண்டு தட்டுக்கும் காய் மசியவில்லை. மூன்றாவதை ஆத்திரத்தோடு ஓங்கியபோது குறி தவறி, இஞ்சினின் இடது விலாவில் விழுந்தது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சில்லு பெயர்ந்து, கீழே கிடந்த பொரிகடலையோடு கலந்து நொறுங்கிப் போனது. இஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் ஓட்டை வழியே வழிந்தது.

"இரும்பு இம்புட்டு லேசாவாங்க இருக்கும்?" என்றாள் பொன்னுமணி.

"வெள்ளக்காரன் காலத்து இரும்பு. அதுக்கும் வயசாகுதுல்ல."

பொரிகடலையை விட்டுவிட்டு எறும்புகள் நொறுங்கிய சில்லை மொய்த்தன. அந்த இஞ்சினின் இடது பக்கத்தில் எட்டு வருடமாக எறும்பு ஊர்ந்துகொண்டுதான் இருந்தது. எண்ணெய்க்கு வருகிறது என்பது பொன்னுமணியின் முடிவு.

வேறு இஞ்சினாக இருந்தால் கன்னையன் இப்படி வேர்த்திருக்க மாட்டான். இது தேவாரத்து மாமனார் உக்கிரபாண்டி கல்யாணச் சீராகக் கொடுத்தது. போடிமெட்டுக்கு மேலே ஒரு துரை விட்டுவிட்டுப் போன இஞ்சின். அதைப் பதினாறு ஆள் மூங்கில் கட்டித் தூக்கி, "ஒரு கீறல் விழாம" மலையிறக்கிய கதையை அவர் ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து சொல்லுவார். வந்ததும் மகளைக்கூடப் பார்க்காமல் கிணற்றடிக்குப் போவார். இஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றி, இடது பக்கம் குனிந்து தடவிப் பார்த்து, பெருமூச்சு விட்ட பிறகுதான் காபித் தம்ளரைக் கையில் வாங்குவார். அந்தப் பக்கத்தை மட்டும் அழுத்தித் துடைக்கக் கூடாது என்பது அவருடைய உத்தரவு.

போன தீபாவளிக்கு இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மலைமேல இருக்குற மூணு ஏக்கர் ஏலத்தோட்டத்தை அடுத்த வருசம் உங்க கையில குடுத்துரலாம்னு இருக்கேன் மாப்ளே. இஞ்சினை எப்படி வச்சிருக்கீங்களோ அப்படித்தான தோட்டத்தையும் வச்சிருப்பீங்க? அதைப் பாத்துட்டுத்தான் சாவி."

அந்தத் தோட்டத்தின்மேல் கன்னையனுக்கு உயிர். எட்டு வருடமாகக் கடலைச்செடியோடு மல்லுக்கட்டியவன் அவன். ஒரு வருடமாகத் தூக்கத்தில்கூட ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

மறுநாள் காலையில் போடியிலிருந்து வெல்டர் மொக்கச்சாமியைச் சிலிண்டரோடு ஜீப்பில் கூட்டிவந்தான். மொக்கச்சாமி ஓட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"இதெல்லாம் ஒரு சோலியா? வெரசா முடிச்சுட்டு நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருவேன்."

நெருப்பை வைத்தார். கொஞ்ச நேரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஓட்டையிலிருந்து மேலே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது.

"வார்ப்பிரும்புண்ணே. நேரா சூடு காட்டுனா வெடிக்கும்" என்றார் மொக்கச்சாமி.

"அதை முன்னாலயே சொல்ல வேண்டாமாய்யா?"

"சொன்னா வேலை செய்ய விட மாட்டீங்களே."

அவர் சொன்னபடி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்து, விரிசல்மேல் பஸ் டயர் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி வைத்து, அதன்மேல் இரும்புத் தகட்டை வைத்து நாலு போல்ட்டுப் போட முடிவு செய்தான் கன்னையன். போல்ட்டுக்கு ஓட்டை வேண்டும். ஒரு ஓட்டையை அடைக்க அவனே நாலு ஓட்டை போட்டான். தகடு உட்கார்ந்தது, ஆனால் நாலு போல்ட்டிலும் தண்ணீர் கசிந்தது.

ரேடியேட்டர் ஒழுகினால் மலை ஜீப்புக்காரர்கள் மஞ்சள்பொடி போடுவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அவர்கள் போடுவது ஒரு கரண்டி. இவன் அரைக் கிலோ போட்டான். கசிவு நின்றது. தண்ணீர் போகிற வழி வருகிற வழி எல்லாமே நின்றுவிட்டது என்பது அவனுக்குத் தெரியாது.

தகட்டை மறைக்கப் பச்சைப் பெயின்டு அடித்தான். தகடு மட்டும் பளபளத்ததால் இஞ்சின் முழுவதும் அடிக்க வேண்டியதாயிற்று. முழுவதும் அடித்த பிறகு தகடு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"சந்தனத்தை அப்பிருவோமா?" என்றாள் பொன்னுமணி. "பூசைக்கு வச்சதுன்னு சொல்லிக்கலாம்."

சந்தனம் மட்டும் இருந்தால் நன்றாக இல்லை என்று குங்குமம் வைத்தார்கள். அதற்குப் பொருத்தமாக ஒரு செவ்வந்தி மாலையும் போட்டார்கள். நாலாம் நாள் பக்கத்துக் காட்டுப் பெண் ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டுப் போனாள். அடுத்த வாரம் ஒரு பிள்ளைக்கு மொட்டை அடிக்கலாமா என்று கேட்டார்கள். சாமியாகிவிட்டதை எப்படிச் சுற்றி ஓட்டுவது? இஞ்சின் சும்மா நின்றது. தண்ணீர் இல்லாமல் கத்தரிச்செடி வாடியது.

தீபாவளிக்கு முதல் நாள் உக்கிரபாண்டி தேவாரம் பஸ்ஸிலிருந்து இறங்கினார். கூடவே மாமியார் கருத்தம்மாள், பலகாரக் கூடையும் வெற்றிலைப் பையுமாக. மாமனார் வழக்கம்போல் நேரே கிணற்றடிக்குப் போனார். போனவர் அப்படியே நின்றார்.

"என்ன மாப்ளே இது?"

"ஒரு மரியாதைதான் மாமா. நீங்க குடுத்ததுல்ல."

உக்கிரபாண்டியின் கண் கலங்கியது. இடது பக்கம் குனிந்து கையை நீட்டினார்.

"சாமி மேல கை வைக்கக் கூடாது மாமா" என்றான் கன்னையன் அவசரமாக.

"சரிதான், சரிதான்" என்று அதைவிட அவசரமாகக் கையை எடுத்தார். பெருமூச்சும் விட்டார். பிறகு இடுப்பிலிருந்து தோட்டத்து வீட்டுச் சாவியை எடுத்தார். கன்னையன் இரண்டு கையையும் நீட்டினான்.

"இருங்க. ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே குடுத்துர்றேன்."

வேறு வழி இல்லை. கன்னையன் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினான். இஞ்சின் ஓடியது. மாமனார் கண்ணை மூடிக் கேட்டார். சந்தனம் காய்ந்து வெடித்தது. பெயின்டு கொப்பளித்தது. சாவி கன்னையனின் விரல் நுனிக்கு வந்தபோது தகடு பிய்த்துக்கொண்டு பறந்தது. அது கிணற்றுத் தண்ணீரில் விழுந்த சத்தம் சற்று நேரம் கழித்துத்தான் கேட்டது.

அதற்குள் சுடுமஞ்சள் தண்ணீர் உக்கிரபாண்டியைத் தலையிலிருந்து வேட்டி வரைக்கும் நனைத்துவிட்டது. திருவிழாவில் முறைப்பெண்கள் நாலு பேர் சேர்ந்து ஊற்றினாலும் அப்படி நனைந்திருக்காது.

இஞ்சின் நின்றது. பொன்னுமணி துண்டு எடுக்கப் போனவள் திரும்பி வரவில்லை.

"பதினாறு ஆளு தூக்குனது!" என்று கத்தினார் உக்கிரபாண்டி. "ஒரு கீறல் விழாம எறக்குனேன்யா! என்ன செஞ்சு ஒடச்சீங்க?"

பொய் சொல்லிச் சொல்லிக் கன்னையனுக்கு அலுத்துப்போயிருந்தது. மலையும் ஏலக்காயும் கண்ணெதிரே மறைவதைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொன்னான்.

"தேங்கா மாமா."

"தேங்காயா?" சாவி திரும்ப இடுப்புக்குப் போனது. "என்னையக் கிறுக்கன்னு நெனச்சீங்களா? தேங்கா பட்டு எந்த ஊர்லய்யா இரும்பு ஒடையும்?"

வரப்பில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த கருத்தம்மாள், காலில் ஏறிய எறும்பைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"இரும்பு எங்கிட்டுங்க ஒடஞ்சுச்சு, மலையெறக்கையில நீங்க உருட்டிவிட்டு விழுந்த ஓட்டைக்கு நான் அரைச்சு அப்புன கருப்பட்டிச் சுண்ணாம்புதான ஒடஞ்சிருக்கு, சாவியை மாப்ள கையில குடுத்துட்டுச் சாப்பிட வாங்க."