தயாரிப்பவர் பெயர்

"மனுவுல தயாரிப்பவர் பெயர்னு ஒரு கட்டம் இருக்குங்க. என்ன எழுதறது?"

மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த தில்லைநாதன் நிமிரவில்லை. "உன் பேர எழுது."

"பொடி பண்றது நீங்கல்ல?"

"மெதுவாப் பேசுடி! ஜன்னல் தெறந்திருக்கு."

தில்லைநாதன் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். அவர் விசில் அடித்தால் குமராட்சி மினி பஸ் டிரைவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்கள். அப்பேர்ப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு இட்லிப்பொடி வறுக்கிறார் என்பது பத்து வருஷ ரகசியம். வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பது மனைவி அமிர்தம். அறுபது வீடு வாடிக்கை. "பொடின்னா உங்க வீட்டுப் பொடிதான்" என்று யாராவது சொன்னால், அமிர்தம் அடக்கமாகச் சிரித்து வைப்பாள்.

அவளும் ஒரு தடவை சமையலில் இறங்கியதுண்டு. தெருவுக்குக் குடிவந்த புதிதில் பிள்ளையார் கோயில் பூசைக்குச் சாம்பார் வைத்தாள். அன்றைக்குப் பார்த்துத் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு வயிறு சரியில்லையாம். ஆளுக்கொரு வாயோடு அண்டா நிறையத் திரும்பி வந்தது. அதற்கப்புறம் வருஷா வருஷம் அவளுக்குப் பூக்கட்டும் வேலைதான்.

இப்போது புதுச் சட்டம். வீட்டில் செய்து விற்றாலும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பாக்கெட்டில் செய்தவர் பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விற்கக் கூடாது.

அமிர்தம் தன் பெயரையே எழுதிக்கொண்டு கடலூர் உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்கு பஸ் ஏறினாள்.

"மெடிக்கல் சர்டிபிகேட் எங்கம்மா?" என்றார் கிளார்க்.

அதையும் வாங்கிக் கொடுத்தாள்.

"சரி. வியாழக்கிழமை மேடம் வீட்டுக்கு வருவாங்க. செஞ்சு காட்டணும்."

"செஞ்சதக் காட்டுனா ஆவாதுங்களா?"

"ஆவாது."

தில்லைநாதன் லீவு போட்டார். இரவெல்லாம் யோசித்து ஒரு வழியும் கண்டுபிடித்தார். "நான் பாத்ரூம்ல இருக்கேன். ஒருதரம் இருமினா அடுப்பக் கொற. ரெண்டுதரம் இருமினா சட்டிய எறக்கு."

வியாழக்கிழமை ரேகா மேடம் நோட்டோடு வந்தார். 'ஆபீசர் வந்திருக்காங்களாமே' என்று பக்கத்து வீட்டு விருத்தாம்பாளும் வந்து வாசற்படியில் நின்றுகொண்டாள்.

உளுந்து வறுபட்டது. பாத்ரூமில் ஒரு இருமல். அமிர்தம் அடுப்பைக் குறைத்தாள். இரண்டு இருமல். இறக்கினாள்.

"பரவாயில்லையே, நல்ல பக்குவம்" என்றார் மேடம்.

அமிர்தத்துக்குத் தலைகால் புரியவில்லை. மிளகாயை அள்ளிப் போட்டாள்.

நெடி கிளம்பியது. மேடம் ஒருதரம் இருமினார். அமிர்தம் அடுப்பைக் குறைத்தாள். விருத்தாம்பாள் இரண்டுதரம் இருமினாள். சட்டியை இறக்கினாள். மேடம் மூன்றுதரம் இருமினார். மூன்றுக்கு என்ன செய்வதென்று பேசி வைக்கவில்லை. சட்டியை மறுபடி ஏற்றினாள். பாத்ரூமிலிருந்து பதினொன்று வந்தது.

"ஏம்மா, சட்டிய ஏன் ஏத்தி ஏத்தி எறக்குறீங்க?"

"அது... அப்படித்தான் மேடம் பக்குவம்."

பாத்ரூம் கதவு படாரென்று திறந்தது. "கருகுதுடி பாவி!" லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து வந்த தில்லைநாதன் கரண்டியைப் பிடுங்கினார். கருகியதைக் கொட்டினார், புது மிளகாய் போட்டார், பெருங்காயம் பொரித்தார், உப்புச் சேர்த்து அரைத்தார். கால் மணி நேரத்தில் வீடே மணத்தது.

மேடம் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தார். "செய்யறது யாரு?"

பஸ் ஸ்டாண்டையே அதட்டுகிற குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான்தாங்க."

மேடம் மனுவில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதினார். "சர்டிபிகேட்டும் உங்க பேர்ல வாங்கிக் குடுங்க, பதிவு பண்ணிடலாம். பாக்கெட்ல உங்க பேர்தான் வரணும்." போகும்போது கால் கிலோ பொடி கேட்டார். பதிவு எண் வராமல் விற்கக் கூடாதென்று தில்லைநாதன் சொன்னதும், சிரித்துக்கொண்டே போனார்.

தில்லைநாதன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "போச்சு. இனிமே மினி பஸ்காரன் எவன் என்ன மதிப்பான்?"

அமிர்தம் ஓடிப்போய் விருத்தாம்பாள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பாக்கெட்ல பேரு வர்ற வரைக்குமாவது யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. நான் பண்றேன்னு நம்பித்தானே அறுபது வீட்லயும் வாங்குறாங்க! தெரிஞ்சா வியாபாரமே படுத்துடும்."

விருத்தாம்பாள் நெடியில் கலங்கிய கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமையானா அவரு இருமறது பத்து வருஷமா தெருவுக்கே கேக்குது. நீ பண்றதுன்னு நெனச்சிருந்தா, அந்தச் சாம்பாரச் சாப்பிட்டவங்க ஒருத்தராவது வாங்கியிருப்போமாடி?"