ரிசர்வ் ரத்தம்

"அண்ணே, கிளம்புங்க. உங்க ரத்தத்துக்கு இன்னிக்குத்தான் வேலை வந்திருக்கு."

பஸ் டெப்போவின் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே மெக்கானிக் நின்றுகொண்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ், கண்ணெல்லாம் சிவப்பு. உள்ளே எந்த டிரைவருக்கு எந்த வண்டி என்று எழுதிக்கொண்டிருந்த டைம் கீப்பர் பேனாவை மூடி வைத்தார்.

"என்னப்பா ஆச்சு?"

"வீட்டுக்காரிக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன். வயித்துல கட்டி. ஒரு பை ரத்தம் குறையுதாம். எடுத்த ரத்தத்தை டெஸ்ட் பண்ண நேரம் வேணும், அஞ்சு மணிக்குள்ள ஆளைக் கூட்டிட்டு வா, இல்லேன்னா ஆபரேஷனைத் தள்ளி வச்சுடுவோம்னுட்டாங்க. தள்ளி வைக்கற நிலைமையில அவ இல்லண்ணே."

"என்ன குரூப்பு?"

"ரத்த வங்கியில குடுத்த சீட்டைப் படிக்கற நிலைமையிலயா நான் இருந்தேன்? அங்கேயே போட்டுட்டு ஓடி வந்துட்டேன். உங்களுதுதான் ஓ நெகட்டிவ் ஆச்சே. யாருக்கு வேணாலும் சேருமே."

டெப்போவில் ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. பதினெட்டு வருஷமாக அவர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அபூர்வ ரத்தம் சிந்திவிடக் கூடாதென்று அவரை ஏணியில் ஏற விடமாட்டார்கள். வீட்டிலும் ராஜ உபசாரம்தான். மனைவி அவர் கையில் கத்தியைக் கொடுத்துக் காய் நறுக்கச் சொன்னதே இல்லை. வருஷா வருஷம் ரத்ததான முகாம் நடக்கும்போது எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டு வரிசையில் நிற்பார்கள். இவர் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்து வரிசையைச் சரி பண்ணிக்கொண்டிருப்பார். "என்னுது ரிசர்வ்ல இருக்கணும்ப்பா, அவசரத்துக்கு வேணும்" என்பார். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டுவார்கள்.

ஆனால் உள்ளே ஒரு சங்கதி இருந்தது. வேலையில் சேர்ந்த அன்று படிவத்தில் ரத்த வகை என்று ஒரு கட்டம் வந்தது. மனுஷன் அதுவரை டெஸ்ட் எடுத்ததே இல்லை. முன்னால் நின்ற டிரைவரின் படிவத்தை எட்டிப் பார்த்து அதையே எழுதிவிட்டார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சையைத் தாண்டியதும் இந்த வழியில்தான். அது அபூர்வமான வகை என்று தெரிய வருவதற்குள் அட்டை அடித்தாகிவிட்டது, மரியாதையும் வந்துவிட்டது. முகாமில் கையை நீட்டினால் முதலில் விரலில் குத்தி வகை பார்ப்பார்கள். அதனால் அவர் கையை நீட்டவே இல்லை.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலையேப்பா. வெறும் வயித்துல எடுக்க மாட்டாங்களே" என்றார்.

அவ்வளவுதான், கேன்டீன் அக்கா தட்டும் கையுமாக வந்து நின்றுவிட்டாள். வீட்டில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தவர், அவள் முன்னால் உட்கார்ந்து மறுபடியும் முழுச் சாப்பாடு சாப்பிட வேண்டியதாயிற்று.

"தண்ணியும் நிறையக் குடிக்கணும். முகாம்ல சொன்னாங்க" என்று ஒரு சொம்பை நீட்டினாள்.

குடித்துவிட்டு, மூச்சு வாங்க அடுத்த ஆயுதத்தை எடுத்தார். "நேத்து தலைவலிக்கு மாத்திரை போட்டேனே. அது ரத்தத்துல கலந்திருக்குமோ என்னமோ."

இது டெப்போ மேனேஜர் காதுவரை போயிற்று. அவர் உடனே ரத்த வங்கிக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்தார். "அதெல்லாம் பரவாயில்லையாம். கிளம்புங்க. வேலை முடிஞ்ச வண்டி ஒண்ணு சும்மா நிக்குது, அதுலயே போயிடுங்க. ஆட்டோ தேடி நேரத்தை வீணாக்காதீங்க."

ஐம்பது சீட் பஸ், ஒரே ஒரு அபூர்வ மனிதருக்காக உறுமிக்கொண்டு வாசலில் வந்து நின்றது.

அதற்குள் இரண்டு ஃபிட்டர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு ஓடி வந்தார்கள். போன மாதம் நடந்த முகாமில் டெப்போவே ரத்தம் கொடுத்திருந்தது. மறுபடி கொடுக்க மூன்று மாதம் ஆக வேண்டும். அன்றைக்கு லீவில் இருந்ததால் கொடுக்காமல் விட்டவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

"நாங்களும் வரோம் சார்."

"டைம் கீப்பரே போறார்" என்றார் மேனேஜர்.

"அண்ணனே போறாரா? அப்புறம் எங்களுது எதுக்கு, சாதா ரத்தம்" என்று சிரித்துக்கொண்டே அவர்கள் திரும்பிப் போனார்கள். வழியில் நின்றுபோன ஒரு பஸ்ஸை இழுத்து வர அவர்களை அனுப்பிவிட்டார்கள்.

இப்போதுதான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. பாத்ரூமுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, படிவம் எழுதிய அன்று முன்னால் நின்ற, இப்போது ரிட்டயர் ஆகிவிட்ட அந்த டிரைவருக்கு போன் போட்டார். அசல் நெகட்டிவ்காரரையே ஆஸ்பத்திரிக்கு வரவழைத்துவிடலாம் என்று கணக்கு.

"அண்ணே, உங்களுக்கு ஓ நெகட்டிவ்தானே?"

"யார் சொன்னா?"

"ஃபாரத்துல நீங்களே எழுதினீங்களே."

"அடப் போப்பா. எனக்கு முன்னாடி நின்னவனைப் பார்த்து எழுதினேன். பின்னாடி ஒரு தடவை ரத்தம் குடுக்கப் போனப்ப பி பாசிட்டிவ்னு சொன்னாங்க. ஏன் கேக்கறே?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்.

பஸ்ஸில் மெக்கானிக் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தான். பிரேக் போடும்போதெல்லாம் அவர் எதிலும் இடித்துக்கொள்ளாமல் இருக்கத் தன் கையைக் குறுக்கே நீட்டினான்.

"நேத்து ராத்திரி ரொம்ப நேரம் அவ தூங்கலைண்ணே. ரத்தம் கிடைக்குமான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. எங்க டைம் கீப்பர் அண்ணன் இருக்கார், நீ கவலைப்படாதேன்னு சொன்னேன். அப்புறம்தான் தூங்கினா."

டைம் கீப்பர் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இந்த மரியாதையைச் சுமந்துகொண்டு இனி ஒரு ஸ்டாப் தூரம்கூடத் தன்னால் போக முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

"தம்பி, நான் ஓ நெகட்டிவ் இல்லை. என்ன வகைன்னே எனக்குத் தெரியாது. அட்டையில இருக்கறது பொய்."

எல்லாவற்றையும் சொன்னார். மெக்கானிக் குறுக்கே நீட்டியிருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டான். திட்டியிருந்தால் தேவலை.

"அந்த ஃபிட்டருங்களையாவது கூட்டிட்டு வந்திருப்பேனே" என்றான். போனை எடுத்து அவர்களைக் கூப்பிட்டான். நின்றுபோன பஸ் ஊருக்கு வெளியே கிடக்கிறது, திரும்ப ஆறு மணியாகும் என்று பதில் வந்தது. அப்போது மணி நாலே கால்.

ஸ்டியரிங்கில் இருந்த டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "என்னாலயும் முடியாதே தம்பி. போன மாசம்தான் குடுத்தேன்."

"பதினெட்டு வருஷமா குடுக்காம சேர்த்து வச்ச ரத்தம் என்கிட்ட இருக்கு. அது சேருமா சேராதான்னுதான் தெரியலை" என்றார் டைம் கீப்பர்.

ரத்த வங்கியில் படிவம் கொடுத்தார்கள். வயது, எடை, கடைசியாக வந்த காய்ச்சல், இப்போது சாப்பிடும் மருந்து எல்லாம் எழுதினார். ரத்த வகைக் கட்டத்தை வெறுமனே விட்டார். பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார், அந்தப் பக்கம் இவர் திரும்பவே இல்லை.

"சிஸ்டர், இந்த அட்டையை நம்பாதீங்க."

"அட்டையை நாங்க என்னிக்குமே நம்பறதில்லை. விரலைக் காட்டுங்க" என்றாள் நர்ஸ்.

எறும்பு கடித்த மாதிரி ஒரு குத்து. இதற்கா இத்தனை வருஷம் ஒளிந்துகொண்டிருந்தோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. நர்ஸ் கண்ணாடித் தட்டில் சொட்டுகளை விட்டுக் கலக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மெக்கானிக் சுவரோரமாக நின்று அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓ பாசிட்டிவ்" என்றாள்.

டைம் கீப்பர் தலையைக் குனிந்துகொண்டார். முகாம்களில் அவர் சரி பண்ணிவிட்ட வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு அதுதான்.

"மன்னிச்சுடு தம்பி. வெறும் சாதா ரத்தம்."

மெக்கானிக் விட்டுப்போயிருந்த சீட்டை நர்ஸ் எடுத்து ஒரு தரம் சரிபார்த்தாள். பிறகு டைம் கீப்பரின் சட்டைக் கையைத் தானே மடித்துவிட ஆரம்பித்தாள்.

"நெகட்டிவ்காரங்க நாலு பேர் எங்க லிஸ்ட்ல இருக்காங்க சார், ஒரு போன் போட்டா ஓடி வந்துடுவாங்க. இந்தம்மாவுக்குக் காலையிலேருந்து நாங்க தேடிக்கிட்டிருக்கறது இந்தச் சாதா ரத்தத்தைத்தான்."