காலி வாளியின் கேள்வி

தௌஃபீக் செத்துப்போன செய்தி அவனுக்கே ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரிந்தது.

போனைத் திறந்தால் ரசிகர் குழுவில் வரிசையாக மெழுகுவத்திப் படங்கள். "அண்ணே, உங்க வாளிய உசுரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டோம்" என்று 'சயான் சிங்கம்' என்ற பெயரில் ஒருவன் எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஒருவன் இந்தியில் துக்கம் விசாரித்திருந்தான். இன்னொருவன் மட்டும், "ரெண்டாம் பாகத்த முடிச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்" என்று குறைப்பட்டிருந்தான்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. போன மழைக்கு முன்னால் "இரண்டாம் பாகம் விரைவில்" என்று அறிவித்தவன், அடுத்த மழை வரப்போகிற நேரம்வரை வாயைத் திறக்கவில்லை.

'தண்ணி வந்தாச்சு' என்பது தௌஃபீக் செய்த போன் விளையாட்டு. குழாயில் தண்ணீர் வந்ததும் வாளியை நிரப்பி, தாராவிச் சந்துகள் வழியாகச் சொட்டுச் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். குறுக்கே பைக் வரும், ஆடு வரும், கிரிக்கெட் பந்து வரும். கடைசியில், "உங்க உம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு?" என்று நிறுத்திவைத்துப் பேசுகிற மாமி வருவாள். அவளைத் தாண்டி வீடு சேர்ந்தவர்கள் குறைவு. அந்த மாமிக்காகவே விளையாட்டு காட்கோபர், செம்பூர் என்று பரவியது.

இரண்டாம் பாகத்தில் மழையைச் சேர்த்தான். அங்கேதான் வந்தது வினை. மழை பெய்ததும் வாளி தானாகவே நிரம்பியது. ஆடுகிறவர் வாசலைத் தாண்டவே வேண்டாம். மழைத்தண்ணீர் வாளிக்குள் விழாதபடி மாற்றினான்; குழாய்த் தண்ணீரும் விழ மறுத்தது. அதைச் சரிசெய்தான், வாளி மிதந்து தண்டவாளத்துப் பக்கம் போய்விட்டது. இதை வெளியே எப்படிச் சொல்வது? முதலில் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தான். பிறகு, இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கே வெட்கமாகிவிட்டது.

"உயிரோடதான் இருக்கேன்னு ஒரு வரி போட்டு விடுல" என்றான் மகேஷ்குமார். விளையாட்டுக்குப் படம் வரைபவன் அவன்தான். மற்ற நாளில் செம்பூரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவான்.

அவர்கள் இருந்தது தௌஃபீக்கின் வாப்பா அப்துல் வாஹித் நடத்தும் தோல் பை தைக்கும் பட்டறையின் மேல்மாடியில். ஏணி வைத்து ஏற வேண்டும். நிமிர்ந்தால் மின்விசிறி தலையைச் சீவும்.

தௌஃபீக் ஒரு வரி போட்டான். 'நான் நலமாக இருக்கிறேன்.'

மெழுகுவத்திகள் அணைந்தன. நெருப்பு பற்றியது.

"நல்லா இருந்துக்கிட்டா இத்தன நாளா பதில் சொல்லல?" என்று கேட்டான் சயான் சிங்கம். "செத்திருந்தாக்கூட மன்னிச்சிருப்போமே!"

"அழுததத் திருப்பிக் குடு" என்றான் இன்னொருவன்.

'காலி வாளி' என்ற பெயரில் இருந்த ஒருவர் மட்டும் கோபப்படவில்லை. போன மழை தொடங்கும்போது குழுவில் சேர்ந்த ஆள். எப்போதாவதுதான் எழுதுவார். இப்போதும் அமைதியாகவே எழுதியிருந்தார்: "நல்லா இருக்கீங்கன்னு தெரிஞ்சதுல சந்தோஷம். முடியலைன்னா முடியலைன்னு சொல்லலாம். காத்திருக்கிறது கஷ்டமில்ல. காத்திருக்கணுமா வேண்டாமான்னு தெரியாம இருக்கிறதுதான் கஷ்டம்."

தௌஃபீக் அதை இரண்டு தடவை படித்தான்.

"தங்கமான மனுஷன்" என்றான்.

"ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவரா இருக்கும்" என்றான் மகேஷ்குமார். "இல்லைன்னா இவ்வளவு பொறுமை வராது."

கீழே வாப்பாவின் போன் அடித்தது. "காட்கோபர் சேட்டு கேக்காரு. பை எப்ப வரும்னு என்னத்த சொல்ல? தோலே இன்னும் வரலியே" என்று அவர் புலம்பினார்.

"எடுக்காதீங்க. அடிச்சுட்டு வச்சிருவாங்க" என்றார் உம்மா மதீனா பீவி. உடனே அவர் போனும் அடித்தது. அதை முந்தானைக்குள் அமுக்கிக்கொண்டு, ஏணியடியில் நின்று மேலே பார்த்தார். "எலே, வடாலாக்காரங்க திரும்பவும் அடிக்காங்க. நான் எத்தன தடவதான் எடுக்காம இருக்கிறது?"

"கேம் வெளிய வரட்டும் உம்மா. அப்புறம் பேசுவோம்."

"இதையேதான் போன பெருநாளுக்கும் சொன்ன."

அந்த வீட்டில் யாரும் பொய் சொல்வதில்லை. போனை எடுக்காமல் இருப்பார்கள், அவ்வளவுதான்.

குழுவில் சத்தம் அடங்கவில்லை. "ஏதாவது ஒரு படத்தக் காட்டு. வாய மூடிருவாங்க" என்றான் மகேஷ்குமார்.

காட்டுகிற மாதிரி இருந்தது ஒரே படம்தான். மழை பெய்யும் சந்து. ஒரு வீட்டு வாசலில் மஞ்சள் துப்பட்டா போட்ட பெண் நிற்கிறாள். தௌஃபீக் அந்தப் பெண்ணை மட்டும் பலமுறை திருத்தச் சொல்லியிருந்தான். மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்கு, சிரிப்பைக் கொஞ்சம் குறை என்று மகேஷ்குமாரின் உயிரை வாங்கியிருந்தான்.

"யாருல இவ? தண்ணியும் எடுக்கல, குறுக்கயும் வரல. கேம்ல இவளுக்கு என்ன வேல?"

"சும்மா நிக்கட்டும்ல" என்று தௌஃபீக் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

படத்தைப் போட்டார்கள். குழு இரண்டாகப் பிளந்தது. அவள்தான் புதுக் கதாநாயகி என்று ஒரு கட்சி. மாமியின் மகள் என்று மறு கட்சி. மாமியை எடுத்துவிட்டு இந்தப் பெண்ணைப் போட்டால் போனை உடைப்போம் என்று மாமி ரசிகர்கள் மிரட்டினார்கள். மாமிக்குத் தனி ரசிகர்கள் இருப்பதே தௌஃபீக்குக்கு அப்போதுதான் தெரிந்தது.

காலி வாளி மட்டும் வேறொன்று கேட்டிருந்தார்: "அந்தப் பொண்ணு எவ்வளவு நேரமா அங்க நிக்குறா? உள்ள போகச் சொல்லலாம்ல?"

"பாத்தியா, பெருசு காலு வலிய நினைக்காரு" என்றான் மகேஷ்குமார்.

சண்டையை நிறுத்த ஒரு தேதி சொன்னால் போதும் என்று தோன்றியது. ஆனால் தௌஃபீக் எழுதிய தேதியை எல்லாம் அவனே அழித்தான். அதனால் 'பெருநாளுக்கு வரும்' என்று போட்டான்.

"நோன்புப் பெருநாளா, ஹஜ்ஜுப் பெருநாளா?" என்று உடனே கேள்வி வந்தது.

"எந்த வருசத்துப் பெருநாள்?" என்று அடுத்த கேள்வி.

"இவன் பிறை பாத்துட்டுத்தான் சொல்லுவான்" என்றான் ஒருவன். அதற்குச் சிரிப்பு மழை. "எங்க மாதுங்காவுல தீவாளிக்காவது வருமா?" என்றான் இன்னொருவன். மாலைக்குள் தௌஃபீக்குக்கு 'பெருநாள் பாய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவன் மாடியில் மல்லாந்து படுத்துவிட்டான். "எல்லாத்தையும் அழிச்சிருவோமா?"

மகேஷ்குமார் அவன் போனை வாங்கிக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்: "அழி. ஆனா ஒண்ணு. உன் விளையாட்டு வேண்டாம்னு நினைக்கிறவன் இப்படி உக்காந்து திட்ட மாட்டான். நான் பெயர்ப்பலகை எழுதுதேன், எவனாவது அடுத்த பலகை எப்பன்னு கேட்டிருக்கானா?"

தௌஃபீக் எழுந்து உட்கார்ந்தான்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் நேரலையில் பேசுவது என்று முடிவானது. வாப்பா பெரிய மனது பண்ணித் தையல் மெஷின்களை நிறுத்தினார். மகேஷ்குமார் போனைப் பிடித்துக்கொண்டான். தௌஃபீக் பெருநாள் சட்டையைப் போட்டிருந்தான். அதைப் பார்த்ததும், "பெருநாள் வந்துட்டு!" என்று முதல் ஆள் எழுதினான்.

"எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். வேலை நல்லா போயிட்டு இருக்கு..." என்று அவன் தொடங்கினான்.

அதே நேரம் ஏணி வழியாக உம்மாவின் தலை மேலே வந்தது. ஒரு கையில் தேநீர். "என்னத்த போயிட்டு இருக்கு? நேத்து பூரா வாளி மிதக்கு, வாளி மிதக்குன்னு தலையில கைய வச்சுட்டு உக்காந்திருந்தானே! சோறு திங்கல. கேட்டா நாய் மாதிரி விழுதான்."

"உம்மா! எல்லாரும் பாக்காங்க!"

"பாக்கட்டும். அவங்கள்ல யாராவது உனக்குப் புத்தி சொல்லட்டும்."

மகேஷ்குமார் போனைத் திருப்பப் பார்த்தான். திருப்பிய பக்கம் கணினி. அதில் வாளி மிதந்து போய்க்கொண்டிருந்தது.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. தௌஃபீக் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினான்.

"உம்மா சொன்னது நிசம். கேம் முடியல. மழை பெஞ்சா வாளி மிதக்கு. எப்ப முடியும்னு எனக்கே தெரியல. நல்ல சேதி வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன், வரல. வரலைன்னாவது சொல்லியிருக்கணும். நீங்க காத்துக்கிட்டு இருந்தீங்க, நான் ஒளிஞ்சுக்கிட்டு இருந்தேன். தப்புதான்."

இப்போது கிழிக்கப்போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"அரே, இதச் சொல்லத்தான் ஒரு வருசமா?" என்று எழுதினான் சயான் சிங்கம். "மிதக்கட்டும் அண்ணே. மிதக்குற வாளியத் துரத்திப் புடிக்கிறதே கேமா இருக்கட்டுமே."

மகேஷ்குமார் தௌஃபீக்கைப் பார்த்தான். தௌஃபீக் மகேஷ்குமாரைப் பார்த்தான். அவர்களுக்கு இது தோன்றவே இல்லை.

"மெதுவா செய்ங்க" என்று ஒருவர். "மாமிய மட்டும் எடுத்துராதீங்க" என்று ஒருவர். "உம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு?" என்று பலர். இதயங்கள் மேலே மேலே பறந்தன. உம்மா அவற்றை எட்டிப் பார்த்து, "இதெல்லாம் எனக்கா?" என்று கேட்டார்.

தௌஃபீக்குக்கு நெஞ்சில் வைத்திருந்த நிரம்பிய வாளியை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. எவ்வளவு லேசான காரியம்! இனி வாரம் ஒருமுறை, ஒன்றும் நடக்காவிட்டாலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வதாக அவனாகவே வாக்குக் கொடுத்தான். சந்தோஷத்தில் வாய் இன்னும் கொஞ்சம் நீண்டது.

"இனிமே நான் யாரையும் பதில் தெரியாம காக்க வைக்க மாட்டேன். வேற யாருக்காவது நான் பதில் சொல்ல வேண்டியது இருந்தா, இப்பவே கேளுங்க. தைரியமா கேளுங்க."

திரையில் ஒரு பெயர் மினுங்கியது. காலி வாளி பேச அனுமதி கேட்டார்.

"நம்ம ரயில்வே பெருசு!" என்று மகேஷ்குமார் ஆசையாக அமுக்கினான்.

"வாங்க ஐயா, உங்களுக்குத்தான் முதல்ல நன்றி சொல்லணும்" என்றான் தௌஃபீக்.

யாரோ தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வந்தது பெருசு அல்ல, ஒரு பெண்ணின் குரல். மெதுவாக, ஆனால் தெளிவாகப் பேசியது.

"ஐயா இல்லைங்க, நான் வடாலாவுல இருந்து உமைரா. கேம் மெதுவா வரட்டும். போன மழைக்கு முந்தி எங்க வீட்டுல பொண்ணு பாத்து, சமோசாவும் தின்னுட்டு, 'சொல்லி விடுறோம்'னு போனீங்கள்ல, அதுக்கு ஒரு பதில் சொல்லிட்டீங்கன்னா எங்க வாப்பா நெருள்ல இருந்து என்னைக் கேட்டு வந்திருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குப் பதில் சொல்லிருவாங்க."