பைஸ்டாண்டர் என்று கூப்பிட்டால் எழுந்திருக்க மாட்டார்

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்காக ஓர் ஆஸ்பத்திரி முழுவதோடும் மல்லுக்கு நின்ற மனிதர், திருவனந்தபுரத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். ‘அர்த்தம் சார்’ என்றுதான் அவரை ஆஸ்பத்திரியில் எங்கள் மாடியில் இருந்த எல்லோரும் சொல்வோம். தம்பானூரில் ஒரு டுடோரியலில் முப்பது வருஷம் கிராமர் நடத்தியவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்.

நான் ஆரியசாலையில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்பவன். பக்கவாதம் வந்த அப்பாவை ஆண்கள் வார்டில் சேர்த்திருந்தேன். எதிரே பெண்கள் வார்டில் பதினெட்டாம் கட்டிலில் சாரின் மனைவி கோமதியம்மா. இதயம் பலவீனமாகி, கால் இரண்டும் வீங்கி, நாலு தலையணையில் சாய்ந்தால்தான் அவருக்கு மூச்சே வரும். நடுவில் இருந்த வராந்தா பெஞ்சில் நானும் சாரும் மூன்று வாரம் குடித்தனம் நடத்தினோம்.

கேரளத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணையிருப்பவரைப் ‘பைஸ்டாண்டர்’ என்பார்கள். இங்கேயே வளர்ந்த எனக்கு அது ‘டாக்டர்’, ‘நர்ஸ்’ மாதிரி ஒரு வார்த்தை. சாருக்கு அதைக் கேட்டாலே உடம்பெல்லாம் எரியும்.

“பதினெட்டாம் பெட் பைஸ்டாண்டர் உடனே வரணும்” என்று ஸ்பீக்கர் அலறும். சார் அசையமாட்டார். இரண்டாம் தடவையும் அலறும். நர்ஸே வெளியே வந்துவிடுவார்.

“சாரே, விளிச்சது கேட்டில்லே? மருந்து வாங்கணும்.”

“கேட்டுது. ஆனா அப்படி ஒருத்தரும் இங்கே இல்லையே. பைஸ்டாண்டர்னா அர்த்தம் என்ன? ரோட்டுல ஒருத்தன் அடிபட்டுக் கிடக்கும்போது சும்மா நின்னு வேடிக்கை பாக்கறவன். நான் அவளுக்குப் புருஷன்.”

உள்ளேயிருந்து கோமதியம்மா மூச்சு வாங்கியபடி சொல்வார்: “ஏங்க, மொதல்ல மருந்து. அர்த்தத்தை அப்புறம் பாக்கலாம்.”

கழுத்தில் தொங்கவேண்டிய பாஸிலும் அதே வார்த்தை. அதன் மேல் காகிதம் ஒட்டி ‘ஹஸ்பண்ட்’ என்று எழுதி மாட்டிக்கொண்டு வந்தார். “ஹஸ்பண்ட்னு ஒரு பாஸ் இல்லா சாரே” என்று செக்யூரிட்டி தடுத்துவிட்டான். முக்கால் மணி நேரம் வாதாடிவிட்டு மேலே வந்தபோது தூக்குவாளியில் கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது. கோமதியம்மா அதையும் குடித்தார். அன்று சார் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாளே வார்த்தையை மாற்றச் சொல்லி இரண்டு பக்கம் மனு எழுதிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். கூடவே நானும் போனேன். கிளார்க் பொறுமையாகப் படித்துவிட்டுக் கேட்டார்.

“கம்ப்ளெயின்ட் வாங்கிக்கலாம். சார் ரோகியா, பைஸ்டாண்டரா?”

“இரண்டும் இல்லை.”

“எங்கில் ஒப்பு போட முடியாது சாரே. கையெழுத்துக்கு ரெண்டே கட்டம்தான் உள்ளது.”

சார் மனுவை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினார். படியிறங்கும்போது நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாவது வாரம் கோமதியம்மாவை ஐசியூவுக்கு மாற்றினார்கள். மறுநாள் மத்தியானம், வராந்தாவே சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்த நேரம், ஸ்பீக்கர் கூப்பிட்டது. ஐசியூ, கோமதியின் பைஸ்டாண்டர். சார் அசையவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“சார், இப்பவுமா?”

அவர் பெஞ்சில் கையை ஊன்றிப் பார்த்தார்.

“வார்த்தைக்காக இல்ல தம்பி. எந்திரிக்க முடியல. நீ போய் என்னன்னு கேட்டுட்டு வாயேன்.”

ஓடினேன். டாக்டர் என்னை மகன் என்று நினைத்துத் தணிந்த குரலில் சொன்னார்: “இனி அதிக நேரமில்லை. பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்க்கட்டும்.” திரும்பி ஓடிவந்து, சாரின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, ஏறக்குறைய இழுத்துக்கொண்டே போனேன்.

கோமதியம்மா ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார். “பரவாயில்ல. இன்னைக்குக் கூப்பிட்டதும் வந்துட்டீங்களே” என்றார். சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. நாலு மணிக்குப் பிடித்த கையிலேயே எல்லாம் முடிந்தது.

உடலை வாங்க ஒரு ஃபாரம். பெண்கள் வார்டில் அவரிடம் மல்லாடிய அதே நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே, அச்சடித்த வார்த்தையை அடித்துவிட்டு ‘ஹஸ்பண்ட்’ என்று எழுதப் பேனாவை எடுத்தார். சார் தடுத்தார்.

“வேண்டாம் மோளே. அது பாவப்பட்ட வார்த்தை. ‘பை’ன்னா பக்கத்துல. பக்கத்துல நிக்கறவன், அவ்வளவுதான் ஆதி அர்த்தம். நின்னவன் ஒண்ணும் செய்யலேங்கறதை ஜனங்க பிற்பாடு ஏத்திவிட்டாங்க.”

“இது தெரிஞ்சுமா சார் இத்தனை நாள் சண்டை போட்டீங்க?” என்றேன்.

“நான் என்ன செஞ்சேன் தம்பி? மூணு வாரமா அவ மூச்சுக்குத் தவிச்சா. நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். அதையே மைக்ல ஊருக்கெல்லாம் சொன்னா, எப்படி எந்திரிச்சுப் போறது?”

அவர் கையெழுத்துப் போட்டார்.

அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்து ஆறு மாதமாகிறது. பேச்சு இன்னும் குழறல்தான். ஞாயிறுதோறும் சார் வந்து அவருக்கு ஷேவ் செய்துவிட்டு, ‘அம்மா’, ‘ஆடு’ என்று சொல்லச் சொல்லிப் பழக்குகிறார். அப்பா தப்பாகச் சொன்னால் அந்தத் தப்புக்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்து இருவரும் சிரிக்கிறார்கள். போன வாரம் அவர் வர ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது. அதற்குள் நான் நாலு தடவை தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.