கொட்டகையில் நான் சொன்ன சாட்சி

பெண்ணைப் பெற்றவர்கள் அவள் வயதில் ஒன்றிரண்டைக் குறைத்துத்தான் சொல்வார்கள். அப்படிச் சொல்லவே கூடாத ஒரே ஆள் காரைக்காலில் நான்தான். மேரியில் பிறப்புப் பதிவேடு எழுதும் குமாஸ்தா நான். (எங்கள் ஊரில் நகராட்சி அலுவலகத்துக்கு மேரி என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய பிறகும் பெயர் ஏறவில்லை.) என் மகள் வசந்தாவின் பிறப்பையும் நானே என் கையால் எழுதியிருக்கிறேன்.

அப்படியிருந்தும், திருவாரூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம் இருபத்தொன்றைப் பத்தொன்பது என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தேன். விருந்து முடிந்ததும், ஊரே புகழ்ந்த அந்த நீதிமன்றப் படத்துக்கு எல்லாரையும் பகல் ஆட்டத்துக்கு அழைத்துப் போனேன். படம் பார்க்கும்போது யாரும் பிறந்த வருஷம் கேட்கமாட்டார்கள் அல்லவா?

பெரிய ஏமாற்றம். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ முறை கோர்ட்டில் சாட்சி சொன்னவன் நான். வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்ய வேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். இங்கே வக்கீல் மூச்சுவிடாமல் பேசினார். நீதிபதி கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். நடுவில் ஒரு பாட்டு வேறு. கீற்றுக் கூரையின் ஓட்டைகளில் வெயில் பொட்டுப் பொட்டாக இறங்கியது. கடல் காற்று வந்து இமையைத் தடவியது. வக்கீலின் குரல் மெல்ல மெல்ல அலையாகி, கொட்டகை முழுவதும் தண்ணீருக்கடியில் போய்விட்டது போலிருந்தது.

அந்த ஆழத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். "சாமிநாதன்! சாமிநாதன்! சாமிநாதன்!"

(படத்திலும் சாட்சியின் பெயர் சாமிநாதனாம். எனக்கெப்படித் தெரியும்?)

எழுந்து நின்றேன். வலது கையைத் தூக்கினேன். கோர்ட்டில் பேசும் குரலிலேயே சொன்னேன்:

"சத்தியமாச் சொல்றேங்க. பொண்ணு வசந்தாவுக்கு வயசு இருபத்தொண்ணு. பதிவேட்டுல இருக்குங்க."

கொட்டகை சிரித்த சிரிப்பில்தான் விழித்தேன். பெண்கள் பக்கத்தில் என் மனைவி முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். அருகில் பையனின் அப்பா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மீதிப் படத்தைக் கொட்டக் கொட்ட விழித்துப் பார்த்தேன். வழக்கில் யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. பெண்ணின் வாழ்வைக் கெடுத்த பாவி என்று மட்டும் மனம் தீர்ப்பெழுதிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும், ஏதாவது பேச வேண்டுமே என்று, "படம் ஒண்ணும் சரியில்லைங்க," என்றேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்குப் புடிச்சிருந்துச்சுங்க. ஒரு சாட்சியாவது உண்மையைச் சொன்னாரே."

தையில் கல்யாணம் நடந்தது. தலைப்பிரசவத்துக்கு வசந்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேத்தி பிறந்த செய்திக்குச் சம்பந்தி போட்ட பதில் கார்டில் ஒரே வரிதான்: "பதிவேட்டில் எழுதும்போது வலது கையைத் தூக்கிவிட்டு எழுதவும்."

தூக்கினேன். பிறகு, ஒரு நாள்கூடக் குறைக்காமல் பிறந்த தேதியை எழுதினேன்.