கோஷா வீட்டுக் கார்புரேட்டர்

செல்வநாதன் தினமும் சாயங்காலம் எண்ணூருக்குக் காரில் போய்வருவார். ராயபுரத்தில் தம் வீட்டுக் கூடத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகராமல்.

துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணும் குமாஸ்தா வேலை. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்ற மாட்டார். நேரே காரில் ஏறி உட்காருவார். ஸ்டியரிங்கைப் பிடிப்பார். கண்ணை மூடுவார். வாயாலேயே புர்ரென்று ஒரு சத்தம்.

"எங்க வந்துகினு கீறீங்க?" என்று அடுப்படியிலிருந்து மனைவி பிலோமி கேட்பாள்.

"தண்டையார்பேட்டை தாண்டியாச்சு."

"திருவொத்தியூர் வந்தா எறங்கி ரெண்டு படி அரிசி வாங்கிகினு வாங்க. வூட்டுல குந்துமணி அரிசி இல்ல."

அவ்வளவுதான். வண்டி நின்றுவிடும்.

சிவப்பு ரேஸ் கார் அது. இரண்டே இருக்கை. கூரை கிடையாது. 1921-ல் சீமையில் செய்தது. கேட்பாரற்ற சரக்கென்று துறைமுகத்தில் ஏலம் போட்டபோது, ஒருவரும் வாய் திறக்காத நேரத்தில் செல்வநாதன் வாய் திறந்துவிட்டார். எட்டுப் பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடுமே என்று வாசல் நிலையைப் பெயர்த்து, வண்டியைக் கூடத்துக்குள் ஏற்றினார். இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. கூடத்தில் கார் குடியிருந்தது. கணவனும் மனைவியும் அடுப்படியில் குடியிருந்தார்கள்.

வண்டியில் எல்லாம் இருந்தது. கார்புரேட்டர் மட்டும் இல்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டுகிற சின்னப் பித்தளைச் சாமான். அது இல்லாவிட்டால் ரேஸ் காரும் ஒன்றுதான், மரக்கட்டிலும் ஒன்றுதான்.

"நம்ம சர்ச்சு ராயப்பர் திருநாளுக்கு எங்க அக்கா, மாமாவெல்லாம் காசிமேட்டுலேர்ந்து வருவாங்க. எங்க குந்த வைக்கிறது? இந்தச் சக்களத்தி மடியிலயா?" என்றாள் பிலோமி.

"அதுக்குள்ள ஓடிடும், பிலோமி! உன்னைப் பக்கத்துல குந்த வச்சு, கடலோரமா எண்ணூர் வரைக்கும் ஒரே ஒரு தடவை. அப்புறம் நீ இன்னா சொன்னாலும் சரி."

"இன்னா சொன்னாலுமா?"

"இன்னா சொன்னாலும்!"

ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். செல்வநாதனின் ஆசை விலையும் அறியாததுதான் தொல்லை. பம்பாய் ஏஜெண்டுக்குக் கடிதம் போட்டார். அசல் சாமான் தொண்ணூற்றைந்து ரூபாய், கப்பலில் வர ஆறு மாதம் என்று பதில் வந்தது. அவருடைய இரண்டு மாதச் சம்பளம் அது. அந்தக் கடிதத்தைப் பிலோமிக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. பிறகு புளியந்தோப்பில் ஒரு பட்டறைக்காரன் எட்டு ரூபாய்க்கு 'அசல் மாதிரியே' வார்த்துக் கொடுத்தான். அசல் மாதிரி என்றாலே அசல் இல்லை என்பது பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும், செல்வநாதனுக்குத் தெரியவில்லை. என்ஜின் ஒருமுறை தும்மியது. அவருடைய இடது புருவம் போயிற்று.

அதற்குப் பிறகும் ஏக்கம் விடவில்லை. தெருவில் யாராவது துரை மோட்டாரில் போனால் நின்றுவிடுவார். புழுதி அடங்கும்வரை பார்ப்பார். நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஏங்குவார். நாற்பத்திரண்டு வயது ஆளுக்கு இதற்கெல்லாம் அழுகை வரலாமா? வந்தது.

ஒரு நாள் பிலோமி சங்கரா மீனை அலசிக்கொண்டே தானாகச் சொன்னாள்.

"என் தோஸ்து ரஹீமுன்னிசா பீவி இல்ல? அவங்க வூட்டுக்காரரு மோட்டார் மேஸ்திரியா இருந்து மவுத்தாப் போனாரே. அவரு வச்சிருந்த மோட்டார் சாமானு ஒரு பொட்டி நெறைய கீதாம். இருந்துட்டுப் போவுது, நமக்கு இன்னாத்துக்கு?"

"ஆமா, நமக்கு இன்னாத்துக்கு?" என்றார் செல்வநாதன். மறுநாள் கிடங்குக்கு லீவு.

காரின் ஸ்டெப்னி டயருக்குள் அவர் முப்பத்தெட்டு ரூபாய் ஒளித்து வைத்திருந்தார். சக்களத்தியைப் பிலோமி விரலால்கூடத் தொடமாட்டாள் என்ற தைரியம். அதை மடியில் கட்டிக்கொண்டு பீவியின் வீட்டுக்குப் போனார்.

பீவி கோஷா. அயலான் கண்ணில் படமாட்டார். குரலைக்கூடக் கேட்க விடமாட்டார். அதனால் அந்த வீட்டில் வியாபாரத்துக்குத் தனி முறை உண்டு. நடுவில் பச்சைத் திரை. திரைக்கு அடியில் ஒரு பித்தளைத் தட்டு போகும், வரும். தட்டில் கூழாங்கல். ஒரு கல் ஒரு ரூபாய்.

முதலில் தட்டில் சாமான் வந்தது. செல்வநாதன் திருப்பிப் பார்த்தார். அடியில் கம்பெனி முத்திரை. பக்கத்தில் நம்பர். தம் காருக்கு வேண்டிய சாமானின் நம்பரை எழுதி, சட்டைப்பையில் மூன்று வருஷமாகச் சுமந்த சீட்டை எடுத்து ஒப்பிட்டார். அதே நம்பர்! கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்துவிட்டது. ஆனால் தெய்வத்திடமும் பேரம் பேச வேண்டுமே.

"தேஞ்சு போன சாமானா கீதே" என்று திரைக்குக் கேட்கும்படி அலுத்துக்கொண்டார். பத்துக் கல் வைத்துத் தள்ளினார்.

தட்டு அறுபதோடு திரும்பியது.

பதினைந்து வைத்தார். ஐம்பத்தெட்டு வந்தது.

"இன்னாம்மா அநியாயம்! பம்பாய்ல புச்சு சாமானே முப்பது ரூபாதான்!" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டார்.

தட்டு அறுபத்தைந்தோடு வந்தது.

மனசுக்குள் புகுந்து பார்க்கிற மனுஷியாக அல்லவா இருக்கிறாள்! சரி, கடைசி அஸ்திரம் என்று எழுந்தார். "வேணாம்மா, நான் வர்றேன்" என்று வாசல்வரை போனார். யாரும் கூப்பிடவில்லை. செருப்பை மாட்டினார். கழற்றித் தூசி தட்டினார். மறுபடி மாட்டினார். கால்மணி நேரம் ஆயிற்று. திரை சும்மா இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

முப்பது வைத்தார். ஐம்பது வந்தது. முப்பத்தைந்து வைத்தார். நாற்பத்தைந்து. கடைசியில் முப்பத்தெட்டு ரூபாயையும் தட்டில் வைத்து, சட்டைப்பையை வெளியே இழுத்துத் திரையிடம் காட்டினார்.

"இதுக்கு மேல என்னாண்ட சத்தியமா இல்லம்மா. மூணு வருசமா ஏங்கிகினு கீறேன்." அவர் நடிக்கவில்லை. குரல் தானாகவே உடைந்தது.

தட்டு திரும்பி வரவில்லை. சாமான் அவருடையது.

வீட்டுக்கு வந்ததும் பிலோமியிடம் பெருமையை அடக்க முடியவில்லை.

"பத்தே ரூபா! பேசிப் பேசி மடக்கிட்டேன்."

"அடேங்கப்பா! கெட்டிக்காரருதான்."

"ஆனா அந்தம்மா பெரிய கில்லாடி, பிலோமி. அப்படியாப்பட்ட பொம்பளையோட அந்த மேஸ்திரி எப்படித்தான் காலம் தள்ளினாரோ, பாவம்!"

"பாவந்தான்" என்றாள் பிலோமி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சாமானைப் பூட்டினார். தெருவே கூடி வண்டியை வெளியே தள்ளியது. கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் என்ஜின் உறுமியது! செல்வநாதன் கைப்பிடியைக் கீழே போட்டுவிட்டு விசித்து விசித்து அழுதார்.

பிலோமி கல்யாணப் புடவையைக் கட்டி, தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினாள். அவர் கூப்பிடவே இல்லை, தயாராக இருந்தாள்.

தண்டையார்பேட்டை நிஜமாகவே வந்தது. திருவொற்றியூர் நிஜமாகவே வந்தது. வலது பக்கம் கடல் கூடவே ஓடிவந்தது. குப்பத்துப் பிள்ளைகள் ஊளையிட்டுக்கொண்டு துரத்தினார்கள். பூ வாசனையும் பெட்ரோல் வாசனையும் சேர்ந்து அடித்தன. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

"கொஞ்சம் மெதுவா போங்க" என்றாள் பிலோமி, அவர் தோளில் கைவைத்து. "எண்ணூரு சீக்கிரமா வந்துரப் போவுது."

அடடா, இவளுக்கும் ஆசை வந்துவிட்டதே என்று செல்வநாதன் உருகிப்போனார். மாட்டு வண்டிகூட முந்திப் போகிற அளவுக்கு மெதுவாக ஓட்டினார்.

எண்ணூரில் கழிமுகத்துப் பக்கம் ஒரு பங்களா.

"அந்த இரும்பு கேட்டாண்ட நிறுத்துங்க."

நிறுத்தினார். உப்பளத்து இஞ்சினீயர் லூயிஸ் கைநிறைய ரூபாய் நோட்டோடு வெளியே வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். என்ஜின் சத்தத்தைத் தலைசாய்த்துக் கேட்டார். நோட்டைப் பிலோமியிடம் கொடுத்துவிட்டு, செல்வநாதன் இறங்குவதற்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மரியாதையாக நின்றார்.

செல்வநாதன் இறங்கினார். வேறென்ன செய்வது? ஓட்டிக் காட்டியாகிவிட்டது. இன்னா சொன்னாலும் சரி என்று வாக்கும் கொடுத்தாகிவிட்டது. சிவப்பு வண்டி அவரில்லாமல் கேட்டுக்குள் போனது. அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். முன்பெல்லாம் துரைமார் வண்டியைப் பார்த்து அழுகை வரும். இன்றைக்குத் தம் வண்டியைப் பார்த்தே வந்தது.

ரயிலடிக்கு நடக்கும்போது செல்வநாதன் கேட்டார்.

"எப்போ பேசி முடிச்சே?"

"ரெண்டு மாசமாச்சு. ஓடுற வண்டியா இருந்தா, அதுவும் அசல் சாமானு போட்டு ஓடினா, எடுத்துக்கறேன்னாரு. கூடத்தையும் மீட்டாச்சு, வாசலுக்கு நிலையும் வச்சிக்கலாம்."

செல்வநாதனுக்குத் திடீரென்று கோபம் வந்தது.

"அப்படின்னா அந்தச் சாமானை நீயே வாங்கிப் போட்டிருக்க வேண்டியதுதானே? உன் தோஸ்து வூடுதானே அது! என்னை ஏன் அலைய வுட்டே?"

"நான் எப்படிங்க வாங்குறது?" என்றாள் பிலோமி. "திரைக்கு அந்தாண்ட குந்திகினு, முப்பத்தெட்டு ரூபாய்க்கு உங்களுக்கு வித்துகினு இல்ல இருந்தேன்!"