தப்பு உங்க மேல இல்லீங்க

கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் முழிப்பவரிடம் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கும் மனிதர் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே ஒருவர்தான் உண்டு. அந்தக் கதவை அவர் செய்திருக்க மாட்டார். மாட்டியிருக்கவும் மாட்டார். ஆனாலும், "தப்பு உங்க மேல இல்லீங்க, கதவு மேல" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நகைக்கடை வாசலில் அப்படி ஆறுதல் பெற்ற ஒரு அம்மாள், அவரைக் கடைச் சிப்பந்தி என்று நினைத்து, "மூக்குத்தி எந்த மாடிங்க?" என்று கேட்டார். சார் உள்ளே போய் விசாரித்து வந்து சொன்னார்.

நான் வேலை பார்த்த பொறியியல் கல்லூரியில், மெக்கானிக்கல் துறையில், அவர் மெஷின் டிசைன் பாடம் நடத்தினார். நான் அந்தத் துறை ஆபீஸில் கிளார்க். அவருக்கு முறையாக ஒரு பெயர் உண்டு. எத்தனையோ கடிதங்களில் நானே டைப் அடித்த பெயர். ஆனால் பிரின்சிபால் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் 'எதுக்குங்க சார்'தான்.

பெயர் வந்தது இன்டர்வியூ நடந்த அன்றைக்கே. "உங்க லட்சியம் என்ன?" என்று கல்லூரித் தாளாளர் கேட்டிருக்கிறார். இவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டிராயர் உங்க பக்கம் இல்லாம என்ற பக்கம் இருக்குதே, எதுக்குங்க?" என்றாராம். மேஜையை யாரோ திருப்பிப் போட்டிருக்கிறார்கள். தனக்கு டிராயரே கிடையாது என்று எட்டு வருஷமாக நினைத்திருந்த தாளாளர், எழுந்து இந்தப் பக்கம் வந்து இழுத்துப் பார்த்தார். பியூன் பத்திரமாக எடுத்து வைத்து மறந்துபோன மூக்குக்கண்ணாடி ஒன்று உள்ளே இருந்தது. லட்சியத்தைப் பற்றி அப்புறம் யாரும் கேட்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது.

அவருடைய சித்தாந்தம் ரொம்பச் சின்னது. ஒரு பொருளைக் கையாளும்போது கை தடுமாறினால், கையைத் திட்டக்கூடாது, பொருளைத் திருத்த வேண்டும். இதை விளக்கி அவர் எழுதிய கட்டுரைகளை நான்தான் டைப் அடித்து அனுப்புவேன். போன வேகத்தில் திரும்பி வரும். 'சமன்பாடு எங்கே?' என்று ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை கேட்டிருந்தது. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் துறைத் தலைவர்கள் ஆனார்கள். இவரோ கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டு, எத்தனை பேர் குழாயைத் தப்பான பக்கம் திருகுகிறார்கள் என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டம்மா கல்யாணங்களுக்கு அவரைக் கூட்டிப்போவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு வருஷம் மாணவர்களைத் தொழிற்சாலை பார்க்கக் கூட்டிப்போவதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அந்தியூர் குதிரைச் சந்தைக்குக் கூட்டிப்போய்விட்டார். பையன்களும் பெண்களும் இன் பண்ணி, ஷூ போட்டுக்கொண்டு, ஆடி மாதச் சேற்றில் நின்றார்கள். சார் ஒரு குதிரை வியாபாரியிடம் போய், கயிற்றைக் காட்டி, "இந்த முடிச்சு எதுக்குங்க?" என்றார்.

"குருதை மெரண்டுச்சுன்னா ஒரு கை அத அமத்திப் புடிக்கோணும்ங்க. மிச்சம் இருக்கறது ஒரு கைதான். அந்த ஒத்தக் கையில இழுத்தா படக்குன்னு அவுந்துக்கோணும்" என்றார் வியாபாரி.

சார் மாணவர்களைத் திரும்பிப் பார்த்தார். "அவசரத்துக்கு மெஷின நிறுத்தற சுவிட்ச பத்தி நான் மூணு வாரம் நடத்தலாம்னு இருந்தனுங்க. இவரு நடத்திப்போட்டாரு. வாங்க, ஊட்டுக்குப் போலாம்."

நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. என் கதையைத்தான்.

அந்த வருஷம் எங்கள் கல்லூரியே மதிப்பெண் பட்டியலுக்குப் புதுப் படிவம் அடித்தது. பதிவு எண், அதற்கு அடுத்து ஒட்டி ஒட்டி இரண்டு கட்டங்கள். ஒன்று மார்க்குக்கு, ஒன்று வருகைச் சதவீதத்துக்கு. எது எதற்கு என்ற தலைப்பு முதல் பக்கத்தில் மட்டும்தான். இரண்டாம் பக்கம் மொட்டையாக இருக்கும். பழைய படிவத்தில் வருகைதான் முதலில் வரும். அந்தப் பழக்கத்தில், இரண்டாம் பக்கத்தில் நான் கட்டங்களை மாற்றிப் போட்டுவிட்டேன். மாணவர்கள் முப்பது பேருடைய மார்க் தலைகீழானது. வகுப்பில் முதலாவதாக வரும் பெண், அம்மை போட்டு லீவில் இருந்த பாவத்துக்குத் தோற்றுப்போனாள். கல்லூரிப் பக்கமே வராத ஒருத்தன், அவனுக்கும் சேர்த்து யாரோ தினமும் 'பிரசன்ட் சார்' சொல்லிவந்த புண்ணியத்தில், தொண்ணூறு வாங்கியிருந்தான்.

பிரின்சிபால் மெமோ கொடுத்தார். விசாரணை முடிந்ததும் வேலையை விட்டு நிறுத்துவது என்று முடிவாகிவிட்டதாகவே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். என் கணவர் வேலை பார்த்த மில்லை அப்போதுதான் மூடியிருந்தார்கள். நான் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. டிபன் டப்பாவை அப்படியே திரும்பக் கொண்டுபோய், வாசலில் நின்ற நாய்க்குப் போட்டுவிட்டு உள்ளே போவேன்.

விசாரணை அன்று, கூப்பிடாமலே எதுக்குங்க சார் வந்தார். கையில் ஒரு கட்டுக் காலிப் படிவம், கூடவே பார்த்து நிரப்ப ஒரு வகுப்பின் மார்க், வருகைக் கணக்கு.

"ஏனுங்க சார், அம்மணிய அப்பறம் விசாரிக்கலாமுங்க. சித்த நேரம் எல்லாரும் இத நிரப்பிக் குடுங்க" என்றார்.

"நாங்க என்ன பரீட்சை எழுதவா வந்திருக்கோம்?" என்றார் பிரின்சிபால்.

"உங்களுக்கெல்லாம் இது அஞ்சு நிமிஷ வேலைங்க."

அந்த வார்த்தையில் விழுந்துவிட்டார்கள். அறையில் இருந்த துறைத் தலைவர்கள் பத்துப் பேரும் பிரின்சிபாலும் பேனாவைத் திறந்தார்கள். நான் சுவரோரமாக நின்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். எதற்காக வேண்டுகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அத்தனை பெரிய மனிதர்கள் தப்புப் போட வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

சார் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். பதினோரு பேரில் ஆறு பேர் இரண்டாம் பக்கத்தில் கட்டத்தை மாற்றிப் போட்டிருந்தார்கள். கடைசித் தாளைப் பார்த்ததும் அவர் முகம் இளகிவிட்டது. பிரின்சிபாலின் பக்கத்தில் குனிந்து, பச்சைப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி சொன்னார்.

"மனசுல வச்சுக்காதீங்க சார். தப்பு உங்க மேல இல்லீங்க."

பிரின்சிபால் அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டாம் பக்கத்துலயும் தலைப்பு போட்டு, புதுசா ஒண்ணு டைப் பண்ணிக் கொண்டுவாம்மா" என்றார். மெமோவைப் பற்றி அன்றும் பேசவில்லை, என்றும் பேசவில்லை. மார்க்குகளைத் திருத்த நானே பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறினேன். அம்மை போட்ட பெண் மறுபடியும் முதலாவதாக வந்தாள்.

அதற்கப்புறம் சார் எங்கே கூப்பிட்டாலும் குறிப்பெடுக்க நான் நோட்டோடு போவேன். அப்படித்தான் பெரியநாயக்கன்பாளையத்தில் தகடு வெட்டும் ஒரு பட்டறைக்குப் போனோம். முதலாளி கொதித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அமுத்துனாத்தான் மெஷின் எறங்கும்ங்க. விரலு போயிரக்கூடாதுன்னு நாந்தான் மாட்டி வச்சேன். இந்தப் பொம்பளைங்க ஒரு பட்டன கவுறு போட்டுக் கட்டிப்போட்டு ஒத்தக் கையில ஓட்டறாங்க. நேத்து ஒரு புள்ளைக்கு விரலு போகப் பாத்துது. எல்லாத்தையும் நிறுத்திப்போடறேன்."

சார் அந்தப் பெண்கள் ஆறு பேரிடமும் போனார். "கவுறு எதுக்குங்க?"

"பட்டனுக்குக் கைய மேல தூக்கித் தூக்கி மத்தியானத்துக்கே தோளு உட்டுப்போகுதுங்க" என்றார் ஒருவர்.

முதலாளி ஆறடி உயரம். சார் அவரை மெஷின் முன்னால் முழங்காலில் நிற்கச் சொன்னார். வெள்ளை வேட்டியோடு நின்றார். இப்போது அவர் தோள், அந்தப் பெண்களின் தோள் உயரத்துக்கு வந்தது. "சித்த நேரம் ஓட்டுங்க" என்றார் சார். ஐந்து நிமிஷம் வீறாப்பாக ஓட்டினார். பத்தாவது நிமிஷம் வியர்த்துக் கொட்டியது. பதினைந்தாவது நிமிஷம், முதலாளி திரும்பிப் பார்க்காமலே, "அம்மணி, அந்தக் கவுறு எங்க வச்சிருக்கறீங்க?" என்றார்.

பட்டன்களைத் தாழ இறக்கினார்கள். கயிறு தானாகவே போய்விட்டது. யாரையும் நிறுத்தவில்லை. அதற்கப்புறம் அங்கே யார் விரலுக்கும் ஒன்றும் நேரவில்லை.

இதைப் பற்றி சார் எழுதிய கட்டுரையில் தன் பெயரோடு அந்த ஆறு பெண்களின் பெயரையும் ஆசிரியர்களாகப் போட்டார். இவர்களுடைய தகுதி என்ன என்று கேட்டுப் பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. 'மெஷினை ஓட்டத் தெரியும், எனக்குத் தெரியாது' என்று பதில் எழுதச் சொன்னார். நான் ஒரு எழுத்து மாற்றாமல் டைப் அடித்து அனுப்பினேன். கட்டுரை வெளியானது. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது அவரைப் பேராசிரியர் ஆக்கினார்கள். அறை வாசலில் மாட்டிய புதுப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, "இது எதுக்குங்க?" என்றுதான் கேட்டார்.

இப்போது நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சார் ஃபோன் செய்வார். என் புது கியாஸ் அடுப்பில் எந்தத் திருகு எந்த பர்னருக்கு என்று விசாரிப்பார். மாடிப்படி ஏறும்போது எந்த முட்டி வலிக்கிறது என்று கேட்பார். "சரிங்க அம்மணி, வச்சுப்போடறேன்" என்று சொல்லிவிட்டு, வைக்கத் தெரியாமல் இன்னும் பத்து நிமிஷம் பேசுவார். ஒன்பதேகால் ஆகியும் அழைப்பு வராவிட்டால், நான் ஃபோனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் மூலையில் நின்றுகொள்வேன்.